ஐரோப்பாவில் போஸ்ட்டாக் தேடுவது: எங்கே பார்ப்பது, யாருக்கு எழுதுவது

நீங்கள் கேட்டது இது. மெட்டீரியல்ஸ் கெமிஸ்ட்ரியில் தீசிஸ் கொடுத்துவிட்டு வைவாவுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்கு, காத்திருக்கிறீர்கள். மூன்று மாதமாக ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்வீடன் பல்கலைக்கழகங்களின் இணையதளங்களில் போஸ்ட்டாக், அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணிக்கான பெல்லோஷிப் தேடுகிறீர்கள். 150 பேராசிரியர்களுக்கு எழுதியதில் இரண்டு பேர்தான் பதில் போட்டார்கள். இருவருமே "என்னிடம் இப்போது நிதி இல்லை, நீங்களே பெல்லோஷிப்போடு வந்தால் வரவேற்கிறேன்" என்று சொல்லிவிட்டார்கள். எந்தப் பல்கலைக்கழகத்தில் பெல்லோஷிப் எளிதாகக் கிடைக்கும் என்று கேட்கிறீர்கள். கேள்வி பல்கலைக்கழகத்தைப் பற்றியது போலத் தெரிந்தாலும், அதற்கு அடியில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன: போஸ்ட்டாக் சம்பளம் யார் பணத்திலிருந்து வருகிறது, அதை யாருக்குக் கொடுப்பது என்று யார் முடிவெடுக்கிறார்? இவற்றுக்கு விடை தெரிந்தால் எங்கே தேடுவது என்பது தானாக விளங்கிவிடும். அந்த இரண்டு பதில்களையும் நிராகரிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதும் புரியும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நம் ஊரில் பிஎச்.டி. சேர்க்கைக்குப் பல்கலைக்கழகம் அறிவிப்பு வெளியிடும், நுழைவுத் தேர்வு வைக்கும், நேர்காணல் நடத்தும். வெளிநாட்டு போஸ்ட்டாக்கில் பெரும்பாலும் அப்படி ஒரு பொது வாசல் கிடையாது. ஆய்வகச் சோதனை சார்ந்த அறிவியல் துறைகளில் பணம் மூன்று வழிகளில் வருகிறது. முதல் வழி, பேராசிரியர் தன் பெயரில் வாங்கிய ஆராய்ச்சி கிராண்ட், அதாவது ஆய்வுத் திட்டத்துக்கான நிதி. அதில் போஸ்ட்டாக் சம்பளம் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருக்கும், ஆளைத் தேர்ந்தெடுப்பது கிட்டத்தட்ட அவர் ஒருவரே. இரண்டாவது, ஒரு வெளி நிறுவனம் உங்கள் பெயருக்கே தரும் பெல்லோஷிப். முடிவெடுப்பது மதிப்பீட்டாளர் குழு, பேராசிரியர் இடம் மட்டும் கொடுப்பார். மூன்றாவது, பல்கலைக்கழகமே தன் நிதியில் தருவது. நீங்கள் மூன்று மாதமாகத் தேடியது இந்த மூன்றாவது வழியில்தான். மூன்றிலும் மிகச் சிறியது அது.

முதல் வழியில் தேட வேண்டியது, சமீபத்தில் யாருக்குப் பணம் வந்திருக்கிறது என்பதை. இது ரகசியமில்லை, பொதுப் பணம் என்பதால் பல நாடுகள் தங்கள் கிராண்டுகளைத் தரவுத்தளத்தில் வெளியிடுகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் திட்டங்களுக்கு கார்டிஸ், ஜெர்மன் ஆராய்ச்சிக் கழகமான டி.எஃப்.ஜி.க்கு கெப்ரிஸ், பிரிட்டனுக்கு கேட்வே டு ரிசர்ச், அமெரிக்காவுக்கு என்.எஸ்.எஃப். அவார்ட் சர்ச்சும் என்.ஐ.ஹெச். ரிப்போர்ட்டரும், ஜப்பானுக்கு காக்கென். கார்டிஸில் உங்கள் துறைச் சொற்களைப் போட்டு, தொடங்கும் தேதி கடந்த ஆறு மாதத்துக்குள்ளோ இனிமேலோ இருக்கும் திட்டங்களை மட்டும் வடிகட்டுங்கள். கெப்ரிஸில் 'இந்த ஆண்டு முதல்' என்று குறிக்கப்பட்டவற்றைப் பாருங்கள். ஐரோப்பிய ஆராய்ச்சி மன்றத்தின், அதாவது இ.ஆர்.சி.யின், ஸ்டார்ட்டிங் கிராண்ட் முடிவுகள் வழக்கமாக செப்டம்பர் தொடக்கத்திலும், கன்சாலிடேட்டர் கிராண்ட் முடிவுகள் நவம்பர் கடைசி, டிசம்பர் வாக்கிலும் வரும். பெயரும் நிறுவனமும் திட்டத் தலைப்பும் அடங்கிய பட்டியலே வெளியாகும். ஸ்டார்ட்டிங் கிராண்ட் என்பது ஐந்து ஆண்டுகளுக்கு 15 லட்சம் யூரோ வரை. அதை வாங்கிய இளம் பேராசிரியருக்கு முதல் ஆண்டிலேயே ஆள் தேவைப்படும், ஆனால் விளம்பரம் வர இன்னும் சில மாதம் ஆகும். உங்கள் கடிதம் போய்ச் சேர வேண்டிய நேரம் அந்த இடைவெளிதான். ஜெர்மனியில் டி.எஃப்.ஜி. நிதி தரும் எம்மி நோதர் இளம் ஆய்வுக் குழுக்களுக்கும் இதே கணக்குப் பொருந்தும். அங்கே குழுத் தலைவருக்கு ஆறு ஆண்டுகளுக்கு நிதி உண்டு, குழுவைப் புதிதாகத்தான் கட்டுவார். இன்னொரு எளிய வழி: நீங்கள் மதிக்கும் பேப்பர்களின் கடைசியில் உள்ள நன்றியுரையைப் படித்து, அங்குள்ள கிராண்ட் எண்ணைத் தரவுத்தளத்தில் போடுங்கள். அந்தத் திட்டம் அடுத்த ஆண்டு முடிகிறதா, இப்போதுதான் தொடங்கியதா என்று தெரிந்துவிடும். முடியப்போகும் திட்டத்துக்கு எழுதினால் எவ்வளவு நல்ல ஆளாக இருந்தாலும் "நிதி இல்லை" என்றுதான் பதில் வரும்.

விளம்பரமான இடங்களுக்கு, ஐரோப்பா முழுமைக்கும் யூராக்சஸ், ஜெர்மனிக்கு அகாடெமிக்ஸ் டாட் டிஇ, பிரிட்டனுக்கு ஜாப்ஸ் டாட் ஏசி டாட் யூகே, நெதர்லாந்துக்கு அகாடெமிக் டிரான்ஸ்ஃபர், ஜப்பானுக்கு ஜேரெக்-இன் ஆகியவற்றில் மின்னஞ்சல் எச்சரிக்கை வைத்துக்கொள்ளுங்கள். இவற்றைத் தினமும் திறந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வாரம் ஒருமுறை போதும்.

இரண்டாவது வழியான பெல்லோஷிப்பில், ஐரோப்பாவைக் குறிவைக்கும் இந்திய ஆய்வாளருக்கு முதலில் நினைவுக்கு வருவது ஐரோப்பிய ஒன்றியம் தரும் மேரி ஸ்கொடோவ்ஸ்கா க்யூரி போஸ்ட்டாக்டரல் பெல்லோஷிப். எந்த நாட்டவரும் எந்தத் துறையினரும் விண்ணப்பிக்கலாம், கட்டணம் கிடையாது. இதில் குளோபல் பெல்லோஷிப் என்ற கிளை ஐரோப்பியருக்கும் அங்கே நெடுங்காலம் வசிப்போருக்கும் மட்டும். உங்களுக்கானது யூரோப்பியன் பெல்லோஷிப். அழைப்பு வழக்கமாக ஏப்ரல், மே வாக்கில் திறந்து செப்டம்பர் முதல் பாதியில் மூடும், முடிவு பிப்ரவரியில் வரும். முனைவர் பட்டத்துக்குப் பின் ஆய்வு அனுபவம் 8 ஆண்டுக்கு மேல் இருக்கக்கூடாது. கடைசித் தேதிக்கு முந்தைய 36 மாதங்களில், நீங்கள் போகவிருக்கும் நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கவோ வேலை பார்த்திருக்கவோ கூடாது. இந்த விதியைப் பலர் பிந்தித்தான் கவனிக்கிறார்கள். "முதலில் ஜெர்மனியில் சாதாரண ஒப்பந்தத்தில் சேர்ந்துவிடுவோம், பிறகு அங்கிருந்தே மேரி க்யூரிக்குப் போடுவோம்" என்று நினைத்துச் சேர்ந்தவருக்கு, ஓராண்டு தாண்டியதும் ஜெர்மனிக்கான கதவு மூடிவிடும். வேறு நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க முடியும். வைவா பற்றிய உங்கள் கவலைக்கு: 2025 வரையிலான அழைப்புகளில், கடைசித் தேதிக்குள் வைவா வெற்றிகரமாக முடிந்திருந்தால் போதும், பட்டம் கையில் இல்லாவிட்டாலும் ஏற்றார்கள். விதிகள் அழைப்புக்கு அழைப்பு திருத்தப்படுவதால், நீங்கள் போடும் ஆண்டின் வழிகாட்டி ஆவணத்தில் இந்த வரியை நேரடியாகப் படித்துவிடுங்கள்.

முக்கியப் பகுதியான ப்ரொபோசல், அதாவது ஆய்வுத் திட்ட முன்மொழிவு, 10 பக்கம். மதிப்பெண்ணில் 50 சதவீதம் ஆய்வின் தரத்துக்கு, 30 தாக்கத்துக்கு, 20 செயல்படுத்தும் முறைக்கு. நம்மவர்கள் மதிப்பெண் இழக்கும் இடம் பெரும்பாலும் வேதியியல் பகுதியில் இல்லை. அங்கே நன்றாக எழுதுகிறார்கள். தாக்கப் பகுதியில் "இந்த ஆய்வு சமூகத்துக்குப் பயன்படும்" என்று பொதுப்படையாக எழுதிவிடுகிறார்கள். மதிப்பீட்டாளர் கேட்பது, இந்த இரண்டு ஆண்டு முடிந்ததும் நீங்கள் எந்தத் திறனோடு, எந்த நிலைக்குப் போவீர்கள் என்பதை. செயல்படுத்தும் பகுதியில் எந்த மாதம் எந்த வேலை, எது தோற்றால் மாற்று என்ன என்று எழுதாமல் விடுவதும் அப்படித்தான். போட்டியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2024 அழைப்பில் 10,360 விண்ணப்பங்கள் வந்து 1,696 பேர் தேர்வானார்கள், ஏறத்தாழ ஆறில் ஒருவர். 2025இல் விண்ணப்பம் 17,058 ஆக எகிறியது. பணம் ஏறத்தாழ அதே அளவுதான் என்பதால் வாய்ப்பு பத்தில் ஒன்றை ஒட்டி வந்துவிட்டது. அவசரமாக எழுதிப் போட்டுப் பார்ப்பதும் ஆபத்து: 70 சதவீதத்துக்குக் கீழே வாங்கிய விண்ணப்பத்தை அதே நிறுவனத்தோடு அடுத்த ஆண்டு திரும்பப் போட முடியாது என்பது 2025 வரை இருந்த விதி. 85 சதவீதத்துக்கு மேல் வாங்கியும் பணம் கிடைக்காதவர்களுக்கு 'சீல் ஆஃப் எக்சலன்ஸ்' என்ற சான்று தருகிறார்கள். சில நாடுகளின் நிதி நிறுவனங்கள் அதை வைத்தே பணம் கொடுக்கின்றன. போர்ச்சுகல், போலந்து, செக், ஸ்லோவேனியா, கிரீஸ் போன்ற நாடுகளின் நிறுவனங்களோடு விண்ணப்பிப்பவருக்கு, அதே விண்ணப்பத்தை வைத்து ஈ.ஆர்.ஏ. பெல்லோஷிப் என்ற இரண்டாவது வாய்ப்பும் இருந்து வருகிறது. ஜெர்மனி, பிரான்ஸ் என்றே யோசிப்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. உங்கள் துறைக்கு அங்கே நல்ல குழு இருந்தால் நான் தயங்காமல் சிபாரிசு செய்வேன்.

ஜெர்மனிக்கு இன்னொரு பெரிய வழி ஹம்போல்ட் அறக்கட்டளையின் ரிசர்ச் பெல்லோஷிப். பட்டம் பெற்று 4 ஆண்டுக்குள் இருப்பவர்களுக்கு 6 முதல் 24 மாதம். ஆண்டு முழுவதும் விண்ணப்பிக்கலாம், நாட்டு ஒதுக்கீடோ துறை ஒதுக்கீடோ இல்லை. ஜெர்மன் பேராசிரியர் ஒருவர் இடம் தருவதாக உறுதி சொல்ல வேண்டும். மேரி க்யூரியின் 10 பக்கத்தில் பயிற்சி, தாக்கம் என்றெல்லாம் பரந்து எழுத வேண்டியிருக்கும். ஹம்போல்டில் உங்கள் இதுவரையான ஆய்வுத் தரமும் திட்டத்தின் தனித்தன்மையும்தான் மையம். நல்ல முதல்-ஆசிரியர் பேப்பர்கள் இருந்தும் ப்ரொபோசல் எழுதிப் பழக்கமில்லாதவருக்கு ஹம்போல்ட் பொருந்தும் என்பது என் மதிப்பீடு. ஜப்பான் அறிவியல் ஊக்குவிப்புக் கழகமான ஜே.எஸ்.பி.எஸ். தரும் பெல்லோஷிப்புக்கு அங்குள்ள பேராசிரியர்தான் உங்களுக்காக விண்ணப்பிக்க வேண்டும், ஆகவே அவரைப் பிடிப்பதே முழு வேலை. இந்தியாவில் மத்திய அரசின் ஆராய்ச்சி நிதி அமைப்பான எஸ்.இ.ஆர்.பி. நடத்தி, இப்போது அதன் இடத்தில் வந்த ஏ.என்.ஆர்.எஃப். நடத்தும் நேஷனல் போஸ்ட்டாக்டரல் பெல்லோஷிப்பையும் ஒதுக்கிவிடாதீர்கள்: 2 ஆண்டு, வயது வரம்பு 35, பெண்களுக்கும் ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் தளர்வு உண்டு, தீசிஸ் சமர்ப்பித்துவிட்டுக் காத்திருப்பவரும் குறைந்த தொகையில் சேரலாம் என்ற ஏற்பாடு இருந்து வருகிறது. ஐரோப்பாவுக்குக் காத்திருக்கும் ஓராண்டை வெறும் இடைவெளியாக விடாமல் வேறொரு ஆய்வகத்தில் புதிய நுட்பம் கற்க இது நல்ல வழி.

பல்கலைக்கழகமே தருபவை இல்லாமல் இல்லை. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரிகளின் ஜூனியர் ரிசர்ச் பெல்லோஷிப், நம் ஐ.ஐ.டி.களின் இன்ஸ்டிட்யூட் போஸ்ட்டாக் போன்றவை இந்த வகை. முன்னதில் இடம் விரல்விட்டு எண்ணும் அளவு, போட்டி கடுமை. ஐரோப்பிய ஒன்றியமும் பல்கலைக்கழகமும் சேர்ந்து பணம் போடும் கோஃபண்ட் திட்டங்களுக்கான அறிவிப்பு யூராக்சஸில் வந்துவிடும்.

இனி அந்த 150 கடிதங்கள். உங்கள் கடிதத்தை நான் பார்க்கவில்லை. ஆனால் மூன்று மாதத்தில் 150 என்றால் ஒரே கடிதத்தில் பெயரை மாற்றி அனுப்பியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். பேராசிரியருக்கு வாரந்தோறும் இப்படிப்பட்ட கடிதங்கள் குவிகின்றன. முதல் இரண்டு வரியில் தன் ஆய்வைப் பற்றி எதுவும் இல்லையென்றால் மூன்றாவது வரிக்குப் போகமாட்டார். "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் புகழ்பெற்ற குழுவில் சேர விரும்புகிறேன்" என்ற தொடக்கம் பணிவுதான், ஆனால் யாருக்கும் பொருந்தும் என்பதால் யாருக்கும் எழுதியதாகத் தோன்றாது. குடும்பப் பெயரோடு 'பேராசிரியர் இன்னார்' என்று விளியுங்கள். முதல் பத்தியில் அவருடைய ஒரு குறிப்பிட்ட முடிவையும் அதில் நீங்கள் கேட்க விரும்பும் கேள்வியையும் எழுதுங்கள். "நான் நானோ பொருட்களில் வேலை செய்கிறேன்" என்பதை விட, "உங்கள் சோடியம் அயனி மின்கலத்தில் 200 சுற்றுக்குப் பின் கொள்ளளவு இறங்குவதற்கு மேற்பரப்புப் படலம் காரணம் என்கிறீர்கள், மின்கலம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ராமன் நிறமாலை எடுக்கும் அமைப்பை நான் என் தீசிஸில் கட்டியிருக்கிறேன், அதை வைத்து இதைச் சோதிக்கலாம்" என்பது வேலை செய்யும். அடுத்த பத்தியில் நீங்கள் கையாளும் கருவிகள், ஒன்றிரண்டு பேப்பர், வைவா எப்போது, எந்த மாதம் சேர முடியும். கடைசி வரியில் எந்தப் பணம் என்பதைச் சொல்லிவிடுங்கள்: "உங்கள் புதிய கிராண்டில் இடம் இருக்கிறதா, இல்லையென்றால் செப்டம்பர் மேரி க்யூரி அழைப்புக்கு என்னை ஏற்பீர்களா?" மொத்தம் 200 வார்த்தை. சி.வி.யை ஒரே பி.டி.எஃப். கோப்பாக, 2 எம்.பி.க்குள், கோப்பின் பெயரில் உங்கள் பெயர் இருக்கும்படி இணையுங்கள். தீசிஸையும் எல்லாச் சான்றிதழ்களையும் சேர்த்து அனுப்பாதீர்கள். பெரிய இணைப்புகள் ஸ்பேமுக்குப் போகும். பதில் இல்லையென்றால் இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். ஆகஸ்ட் முழுவதும், டிசம்பர் பிற்பாதியில் ஐரோப்பாவில் விடுமுறை. அப்போது அனுப்பிய கடிதம் மூழ்கிவிடும். ஒரு கடிதத்துக்கு அரைநாள் ஆகும். அப்படி 20 கடிதம் எழுதுவது 150 கடிதத்தை விட மேல்.

சி.வி.யில் நம் பயோடேட்டா பழக்கங்களை எடுத்துவிட வேண்டும்: அப்பா பெயர், திருமண நிலை, மதம், கையெழுத்திட்ட உறுதிமொழி எதுவும் வேண்டாம். 'கம்யூனிகேட்டட்' என்ற சொல் நம் நாட்டுக்கு வெளியே புரியாது. 'சமர்ப்பிக்கப்பட்டது', 'மறுஆய்வில் உள்ளது' என்பதற்கான வழக்கமான ஆங்கிலச் சொற்களைப் போட்டு, வெளியான பேப்பரிலிருந்து தனியாகப் பிரித்துக் காட்டுங்கள். இதழ்களின் மேற்கோள் அளவைக் காட்டும் இம்பேக்ட் ஃபேக்டர்களைக் கூட்டிப் போடுவது ஐரோப்பிய மதிப்பீட்டாளரிடம் எதிர்விளைவு தரும். இதழின் எண்ணை வைத்து ஆளை மதிப்பிடக்கூடாது என்ற டோரா அறிக்கையில் பல நிதி நிறுவனங்கள் கையெழுத்திட்டிருக்கின்றன. அதற்குப் பதில் ஒவ்வொரு பேப்பரிலும் நீங்கள் செய்த பங்கை ஒரு வரியில் எழுதுங்கள். பரிந்துரைக் கடிதம் மூன்று தேவைப்படும். "நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்று கைடு சொல்வது நம்மிடம் சகஜம். மூன்று கடிதமும் ஒரே நடையில் இருந்தால் படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் உங்கள் ஆய்வு விவரங்களைக் குறிப்பாக மட்டும் கொடுத்து, மதிப்பீட்டு வரிகளை அவரையே எழுதச் சொல்லி மன்றாடுங்கள். அவருடைய நிறுவன மின்னஞ்சலையே கொடுங்கள், ஜிமெயில் முகவரியைச் சில விண்ணப்பத் தளங்கள் ஏற்பதில்லை.

உறுதியாகச் சொல்ல முடியாதவையும் உண்டு. எத்தனை பேப்பர் போதும் என்பதற்கு எண் கிடையாது. இரண்டு முதல்-ஆசிரியர் பேப்பரோடு தேர்வானவரும், பன்னிரண்டு பேப்பரோடு தேர்வாகாதவரும் இருக்கிறார்கள். மாநிலப் பல்கலைக்கழகப் பட்டம் என்பதால் ஒதுக்குவார்களா என்றால், விதிகளில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் உங்கள் கைடை அறிந்த ஒருவர் எதிர்முனையில் இருந்தால் கடிதம் வேகமாகப் படிக்கப்படுகிறது என்பது உண்மை. ஆகவே கைடின் கூட்டாய்வாளர்கள் பட்டியலை முதலில் தீர்த்துவிடுங்கள். பெரிய பெயரா, புதிய குழுவா என்பதிலும் ஒரே விடை இல்லை. பெரிய ஆய்வகத்தில் பெயர் கிடைக்கும், கவனிப்பு குறையலாம். புதியவர் தினமும் கூட இருப்பார், ஆனால் கருவிகள் வந்து சேரவே ஆறு மாதம் ஆகலாம். மேலே சொன்னவை ஆய்வக அறிவியலுக்கு. வரலாறு, மொழியியல் போன்ற துறைகளில் கிராண்ட் வழி மிகக் குறுகியது, தனிநபர் பெல்லோஷிப்தான் பிரதானம்.

வைவாவுக்குக் காத்திருக்கும் இந்த நாட்களில் காகித வேலையைத் தொடங்கிவிடுங்கள். வைவா முடிந்ததும் தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகத்தில் தற்காலிகச் சான்றிதழுக்கு அன்றே விண்ணப்பியுங்கள். பட்டமளிப்பு விழாவுக்குக் காத்திருந்தால் ஒப்பந்தம் தள்ளிப்போகும். ஜெர்மனி என்றால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களை மதிப்பிடும் அனபின் தரவுத்தளத்தில் உங்கள் பல்கலைக்கழகம் 'ஹெச் பிளஸ்', அதாவது அங்கீகரிக்கப்பட்டது, என்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தனி மதிப்பீட்டுச் சான்று கேட்பார்கள், அதற்கு மாதங்கள் ஆகும். வாய்ப்புக் கடிதம் வந்ததும் கேட்க வேண்டியவை: இது வேலை ஒப்பந்தமா, உதவித்தொகையா? எத்தனை மாதத்துக்குப் பணம் இப்போதே கையில் இருக்கிறது? நீட்டிப்பு எதைப் பொறுத்தது? ஜெர்மனியில் ஒப்பந்தம் என்றால் பெரும்பாலும் மாநில அரசுப் பணியாளர்களுக்கான டி.வி.-எல் இ13 ஊதிய விகிதம், மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியமும் அதோடு வரும். உதவித்தொகை என்றால் காப்பீடு பெரும்பாலும் உங்கள் பொறுப்பு, ஓய்வூதியக் கணக்கு சேராது. மாதம் கையில் வரும் தொகை ஒன்றுபோலத் தெரிந்தாலும் இரண்டும் ஒன்றல்ல. அந்தக் குழுவிலிருந்து வெளியேறிய ஒருவரிடம் பத்து நிமிடம் பேசாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். பணம் வாங்கிக்கொண்டு போஸ்ட்டாக் ஏற்பாடு செய்வதாகச் சொல்லும் யாரிடமும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். உண்மையான எந்த ஆய்வுக்குழுவும் சேருவதற்குப் பணம் கேட்காது.

இப்போது அந்த இரண்டு பதில்கள். 'பெல்லோஷிப்போடு வந்தால் வரவேற்கிறேன்' என்பது சிலரிடம் மரியாதையான மறுப்பு, சிலரிடம் உண்மையான அழைப்பு. எது எது என்று கடிதத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, சோதித்துத்தான் அறிய வேண்டும். இருவருக்கும் இந்த வாரமே நன்றி எழுதி, எந்த பெல்லோஷிப், எந்தக் கடைசித் தேதி என்று பெயர் சொல்லி, ஒரு பக்கத் திட்டச் சுருக்கத்தை இணையுங்கள்: கேள்வி ஒரு பத்தி, உங்களிடம் இருக்கும் நுட்பம் ஒரு பத்தி, அவருடைய ஆய்வகத்தில் மட்டும் இருப்பது எது என்று ஒரு பத்தி. 20 நிமிடம் இணையவழியில் பேச முடியுமா என்று கேளுங்கள். திட்டத்தைத் திருத்தி அனுப்புபவர், அல்லது "எங்கள் பல்கலைக்கழகத்தில் உள் கடைசித் தேதி மே மாதம், அதற்குள் விருப்பக் கடிதம் கொடு" என்று சொல்பவர் உங்களை எடுத்துக்கொண்டுவிட்டார். பல ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் மேரி க்யூரி விண்ணப்பதாரரை மார்ச் முதல் ஜூன் வரை உள்ளுக்குள் தேர்ந்தெடுத்து, ப்ரொபோசல் எழுதப் பயிற்சி வகுப்பே நடத்துகின்றன. செப்டம்பர்வரை நேரமிருக்கிறது என்று நினைத்து ஆகஸ்டில் எழுதுபவருக்கு அந்த உதவி கிடைக்காது. இரண்டு வாரத்தில் ஒருவரும் பதில் போடாவிட்டால், அதே ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு கார்டிஸில் எடுத்த பட்டியலின் முதல் பெயருக்குப் போங்கள்.